உள்ளே இருந்து சொன்னவர்

“குற்றம் ஒன்று! நம் மில்களுக்குப் பூட்டுப் போட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

“குற்றம் இரண்டு! நம் கிரைண்டரைக் காப்பியடித்து நமக்கே விற்றார்கள். அதிலேயே மாவாட்டிக்கொண்டிருந்தோம்.

“குற்றம் மூன்று! நம் பம்ப்செட்டை...”

“நித்யஸ்ரீ ஒழிக!” என்று பின்னாலிருந்து ஒருவர் முந்திக்கொண்டார்.

திருமலைசாமி துண்டறிக்கையைத் தாழ்த்தினார். “ஏனுங்க, அந்தப் பொண்ணு நாலாவதுலதானுங்க வருது? வரிசைன்னா வரிசை. மறுக்கா ஒண்ணுலிருந்து ஆரம்பிக்கறேன்.”

கூட்டம் முனகியது. கோவை பீளமேட்டில், நித்யஸ்ரீ வீட்டு வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நாற்பது வருஷம் மில் சங்கத்தில் கிடந்தவர் திருமலைசாமி. மைக் கொடுத்தால் அவமானமாக நினைக்கிற தொண்டை. குற்றத்தை வரிசைப்படி, சாட்சிகள் முன்னால், பெயர் சொல்லிப் படித்தால்தான் அது போராட்டம். மற்றதெல்லாம் சந்தை இரைச்சல் என்பது அவர் கட்சி.

ஒருவழியாக நான்குக்கு வந்தார்.

“குற்றம் நான்கு! நம் ஊர்ப் பையன் சஹீர், சரவணம்பட்டியில் கம்பெனி வைத்து, சட்டையில் குத்திக்கொள்ளும் பேசும் பேட்ஜ் செய்தான். கேட்டால் வழி சொல்லும். மாத்திரை சாப்பிட ஞாபகப்படுத்தும். அதை இந்த வீட்டு நித்யஸ்ரீ, ‘வேகாத சோறு, யாரும் வாங்காதீங்க’ என்று வீடியோ போட்டு ஊரெல்லாம் பார்க்கவைத்தார்!”

பக்கத்து நாற்காலியில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த சஹீர் மெல்ல, “ஐயா, விட்டுருங்க. கெளம்பலாம்” என்றான்.

“பாருங்க, தம்பியோட பெருந்தன்மைய!”

கைதட்டல். சஹீர் தலையைக் குனிந்துகொண்டான்.

கேட் திறந்தது. நித்யஸ்ரீ வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா ராசாத்தாள், தட்டு நிறைய டீயோடு.

“கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருக்குமுங்க. குடிச்சுப்போட்டு மறுக்கா கத்துங்க.”

நாலைந்து பேர் ‘ஒழிக’வை விழுங்கிவிட்டுக் கிளாஸை வாங்கினார்கள்.

“ஏனுங்கய்யா, நான் சொன்னதுல எது பொய்யுங்க?” என்றாள் நித்யஸ்ரீ.

“சுடுதுன்னு சொன்னீங்கல்லோ? இதா, கம்பெனியில மாதிரிக்குக் குடுத்த பேட்ஜ, காலையிலிருந்து குத்தியிருக்கறேன். எங்க சுடுது?”

“அப்புறம் எதுக்குங்க அதுக்கு அடியில கைக்குட்டைய நாலா மடிச்சு வெச்சிருக்கீங்க?”

கூட்டமே சிரித்தது.

“வேர்வைக்கு!” என்றார் திருமலைசாமி. நெஞ்சு தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. “அத விடுங்கம்மணி. ‘இது இன்னும் முடியலைன்னு கம்பெனிக்குள்ள இருந்தே எனக்கு எழுதியிருக்காங்க’ன்னு வீடியோவுல சொன்னீங்களே, அந்தத் துரோகி யாரு? பேரச் சொல்லுங்க. சாட்சிக்கு அறுபது பேரு இருக்கறோம்.”

“பேரு! பேரு!” என்றது கூட்டம்.

“சொல்ல மாட்டனுங்க.”

“சொன்னா இப்பவே கலைஞ்சு போயிருவோம். இல்லீன்னா தெனமும் வருவோம்.”

“வாங்க, அம்மா டீ போடுவாங்க. நாலு நாளா போனத் தொறந்தாலே வசவு. வேலை செய்யற எடத்துல, கொஞ்ச நாளைக்கு வராதீன்னுட்டாங்க. அதுக்கே சொல்லலீங்க.” நித்யஸ்ரீ ஓர் அடி முன்னால் வந்தாள். “ஒண்ணு கேக்கறனுங்க. மில் ஸ்ட்ரைக்குல உங்களப் புடிச்சு வெச்சு அடிச்சாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. அப்ப நீங்க எத்தன பேரச் சொன்னீங்க?”

திருமலைசாமி தன் இடது கையைப் பார்த்தார்.

மூன்று நாள் அடி. அந்தக் கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் நிமிராது. ஒரே ஒரு பெயர் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். பென்ஷன் இல்லை, பதவி இல்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் இன்றுவரை தலைநிமிர்ந்து நடக்கிறார்.

“ஒண்ணுகூட இல்லீங்க” என்றார். முதல்முறையாக மைக் தேவைப்பட்டது.

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “பேரு வேண்டாமுங்க. ஆளக் காட்டிக்குடுன்னு கேக்கறது அந்தக் காலத்து மேனேஜர் வேலை. நாம செய்யக் கூடாது. குடிச்ச கிளாஸக் கழுவி வெச்சுப்போட்டுக் கெளம்புங்க.”

“அதெப்படிங்க?” என்று நாலு குரல் எழுந்தது.

அப்போது சஹீர் எழுந்தான். பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது. “அக்கா, அந்த மெயிலக் காட்டுங்க.”

“அப்படிக் கேளு தம்பி! மொதலாளிக்குத் தெரியணுமில்ல!” என்றார், முதலில் ‘ஒழிக’வுக்கு முந்திக்கொண்ட முந்திரிக்கொட்டைக்காரர்.

“வேண்டாம் சஹீர்” என்றாள் நித்யஸ்ரீ.

“காட்டுங்கக்கா.”

அவள் மெயிலைத் திறந்து, மனசில்லாமல் போனைக் கொடுத்தாள். சஹீர் அதை அப்படியே திருமலைசாமியிடம் நீட்டினான். “நீங்களே படிங்கய்யா. உங்க தொண்டைதான் கடைசி ஆளு வரைக்கும் கேக்கும்.”

அவர் படித்தார்.

“‘வணக்கம். பேட்ஜ் இன்னும் முடியவில்லை. சுடுகிறது. மாத்திரை நேரத்தை மாற்றிச் சொல்கிறது. பணம் போட்டவர்கள் பொங்கலுக்கே விற்றாக வேண்டும் என்கிறார்கள். உள்ளே எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. நீங்கள் இரக்கம் பார்க்காமல் உள்ளதைப் போட்டு உடைத்தால்தான் ஆறு மாதமாவது தள்ளிப்போகும். யாரோ ஒரு பெரியவர் தப்பான மாத்திரையை விழுங்காமல் தப்பிப்பார். என் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம்.’”

“தள்ளிப்போச்சுங்களா?” என்று கேட்டாள் ராசாத்தாள்.

“நேத்துத்தாம்மா தள்ளி வெச்சாங்க” என்றாள் நித்யஸ்ரீ.

“அதெல்லாம் இருக்கட்டும். பேரு?” என்றது பின்வரிசை.

திருமலைசாமி பேட்ஜைக் கழற்றினார். அடியிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனின் கடைசி வரியைப் பார்த்தார். நாற்காலிப் பக்கம் நின்ற சஹீரை ஒரு முறை பார்த்தார். “படிங்கய்யா” என்றான் அவன். நாற்பது வருஷப் பழக்கம். அறுபது சாட்சிகளுக்கும் கேட்கும்படி, முழுத் தொண்டையில் படித்தார்:

“இப்படிக்கு, சஹீர்.”