கைக்குள் ஒரு பொத்தான்

"நீங்க இந்த வேலைக்கு லாயக்கே இல்லம்மா. இப்ப சொல்லு, கோபம் வருதா?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தா சிரிப்புதான் வருது" என்றாள் மனைவி.

தையல்காரர் கழுத்திலிருந்த இன்ச் டேப்பை எடுத்து மேசைமேல் போட்டார். நேர்காணல் அதிகாரியாக நடிக்க அவருக்கு வரவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து திட்டு வாங்கிய அனுபவம் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் மனைவிக்குப் பொறுமைப் பயிற்சி கொடுக்க இறங்கியிருந்தார்.

மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, அவளுக்கு அது மூக்குத்தி மாதிரி, கழற்றுவதே இல்லை. அதனாலேயே மூன்று வேலை போயிற்று. கடைசியாக இருந்த நாற்காலிக் கடையில், வந்தவர்கள் முன்னால் மேலாளரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, அவர் போகச் சொல்வதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஒற்றைத் தையல் இயந்திரம்தான் வீட்டில் எல்லார் வயிற்றுக்கும் ஓடியது.

இப்போது வீட்டு உபயோகப் பொருள் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு. வாடிக்கையாளர் புகார்ப் பிரிவாம். இதுவும் கை நழுவினால் இனி வேலையே தேடுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். சிபாரிசு செய்தது யார் என்று தெரிந்தபோதுதான் இருவருக்கும் தலை சுற்றியது. அதே மேலாளர்!

"அந்த மனுஷன் எதுக்குங்க எனக்காகப் பேசணும்?"

"பெரிய மனசு. அவர் பேரைக் கெடுத்துடாதே" என்றவர், கோட்டுப் பொத்தான் ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தார். "வயிறு நிறைய சாப்பிட்டுட்டுப் போ. கோபம் வந்தா இதை அழுத்து. ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம் பதில் சொல்லு."

மறுநாள் வரவேற்பறையில் நெடுநேரம் காக்க வைத்தார்கள். உள்ளே ஒரு பெண் அதிகாரியும் வழுக்கைத் தலையர் ஒருவரும் இருந்தார்கள். வழுக்கைத் தலையர் அவள் சான்றிதழைப் புரட்டாமலே ஓரமாகத் தள்ளினார். பேச்சின் நடுவே செல்போனை எடுத்து யாருடனோ சிரித்துப் பேசினார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

"மூணு இடத்துல நிலைக்கலை. உங்களுக்கு வேலை கொடுத்தா நாங்கதானே முட்டாள்?"

காது மடல் சுட்டது. ஒரு மூச்சு. "நீங்க யோசிக்கிறது நியாயம்தான் சார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள், தொங்கிப்போனது. இன்னும் குத்தலாகக் கேட்டார்கள். வீட்டுக்காரர் சம்பாதிப்பது போதாதா என்றுகூடக் கேட்டார்கள். அவள் இன்னும் பணிவாகப் பதில் சொன்னாள். பொத்தானின் நான்கு துளைகளும் உள்ளங்கையில் பதிந்துவிட்டன. பொறுமையாக இருக்க இருக்க இவர்களுக்கு ஏன் வாட்டம்? அவளுக்குப் புரியவே இல்லை.

கடைசியில் பெண் அதிகாரி பெருமூச்சு விட்டார். "மன்னிச்சுக்கோங்கம்மா. நாங்க வேற யாரையாவது பார்த்துக்கறோம்."

"நான் கோபப்படவே இல்லையே மேடம்" என்றாள் அவள்.

"அதாம்மா பிரச்சினை. புகார் கவுண்டருக்கு எடுத்த பசங்க பொறுமையா இருக்கப் பழகணும். அவங்க எதிர்ல உட்கார்ந்து, வாடிக்கையாளர் மாதிரி திட்டித் தீர்க்கத்தான் ஆள் தேடறோம். முன்னாடியே சொன்னா நடிப்பீங்கன்னு சொல்லலை. உங்க பழைய மேலாளர், 'ஜென்மத்துல இப்படி ஒரு திட்டு வாங்கினதில்லை, கண்ணை மூடிட்டு எடுத்துக்கங்க'ன்னார். நம்பிட்டோம்."

அவள் கையை விரித்துப் பொத்தானை மேசைமேல் வைத்தாள்.

"இதை ஃபோன்லயே சொல்றதுக்கு என்ன கேடு?" என்று ஆரம்பித்தாள்.

"நாளைக்கே சேர்ந்துடுங்க" என்று பெண் அதிகாரி சொன்னது அவள் காதில் விழுவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.