பெஞ்சிலிருந்து வந்த குரல்

“டேய் குருட்டுப்பயலே, விசிலைக் கழட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போடா!”

பெனால்டி கொடுக்க மறுத்துத் திரும்பிய கால்பந்து நடுவரின் முதுகில் கூட்ட இரைச்சலோடு கலந்து அந்தக் கத்தல் விழுந்தது. விறுவிறுவென்று பெனால்டி கேட்ட அணியின் பெஞ்சுக்குப் போனார்.

“யாரு கத்துனது?”

மாற்று ஆட்டக்காரர்கள் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். ஓரத்தில் ஒருவர் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார்.

“ஆளைச் சொல்லலன்னா, விதிப்படி கோச்தான் வெளிய போகணும்.”

கோச் எழுந்தார். “நானே போறேன் சார்.”

சிவப்பு அட்டையைக் காட்டிய பிறகும் நடுவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “பெத்தவங்க வளர்த்த லட்சணம் இதுதானா?” என்று மைதானத்துக்கே கேட்கும்படி கேட்டார். கோச் மைதானத்தை விட்டு வெளியேறினார்.

கோச் இல்லாத அணி தடுமாறித் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் வாசலில் நின்ற கோச்சை நடுவர் மடக்கினார். “கத்துனது நீங்க இல்லன்னு லைன்ஸ்மேன் இப்பதான் சொன்னார். யாரைக் காப்பாத்துனீங்க?”

கோச் தயங்கினார். “முட்டி வலியில நிக்க முடியாம தவிச்சார்னு ஒரு பெரியவரை எங்க பெஞ்சுல உட்காரவச்சேன் சார். ஆட்ட வேகத்துல வாய் தவறிடுச்சு. அவரைப் போய் நீங்க வெளிய அனுப்பறதா?”

“ஏன், அவர் என்ன பெரிய கொம்பனா?”

கோச் நடுவரின் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“கோவமாடா? வா, வீட்டுக்குப் போலாம்” என்றார் நடுவரின் அப்பா, தலையிலிருந்த துண்டை எடுக்காமலே.

முகத்தை மறைத்துக்கொள்ள மகனிடம் அந்தச் சிவப்பு அட்டை மட்டும்தான் இருந்தது.