முப்பது சைபர்

1938 மார்கழி. கடலோடு கலக்கும் வாவிக்கரைப் பள்ளியைப் பார்வையிட வந்த வித்தியாதரிசி, ஏழாம் வகுப்பு விஞ்ஞான விடைத்தாள்களைப் புரட்டியதும் சினந்தார்.

“வாவித் தண்ணி எப்ப உப்புக் கூடும் எண்ட கேள்விக்கு முப்பது பேருக்குச் சைபர் போட்டிரிக்கீங்களே, வாத்தியார்?”

“ஓம் ஐயா. முகத்துவாரம் திறந்து கடல் ஏறுறதால மாரியிலதான் கூடும் எண்டு எழுதியிரிக்காங்க. வலை வீசுறவர்ட மகள் தெய்வானை மட்டும் கோடையில எண்டு எழுதினாள். நேற்று நானே வாவியில இறங்கிக் குடிச்சுப் பார்த்தன். மாரி வெள்ளத்துல உப்பே இல்ல.”

“பாவம், பாதிப் புள்ளியாவது போடுங்களன்.”

“ஏலாது ஐயா.” சாமித்தம்பி வாத்தியார் அசையவில்லை.

“அப்ப இப்படிப் பிழையாப் படிப்பிச்சது ஆர்?”

“நான்தான் ஐயா. எனக்குப் படிப்பிச்சபடியே படிப்பிச்சிட்டன்.”

“உங்களுக்குப் படிப்பிச்ச அந்த மடையன் ஆர்?”

வாத்தியார் அலுமாரியிலிருந்து தம் ஏழாம் வகுப்புக் கொப்பியை எடுத்து விரித்தார். அதே விடைக்குப் பக்கத்தில் சிவப்பில் ‘சரி’ என்றிருந்தது. அதன்கீழ், அப்போது அவருக்கு வாத்தியாராக இருந்த இதே வித்தியாதரிசியின் கையெழுத்து.

சிவப்புப் பென்சிலை அவர் முன் வைத்தார் சாமித்தம்பி.

“இதுக்கும் சைபர் போட்டுத் தாங்க, ஐயா.”