பதினாறு பக்கப் பாடத்திட்டம்

"அந்தத் தாளை இங்க கொண்டா."

தாணப்பன் சார் கை நீட்டினார். மூன்றாம் பெஞ்சில் ஒன்றாகக் குனிந்திருந்த ஐந்து தலைகள் பிரிந்தன. நடுவில் இருந்த அஞ்சு என்கிற மாணவி, மடித்த தாளைப் புத்தகத்துக்குள் செருகப் பார்த்தாள்.

"செருகாத. கொண்டா."

பூதப்பாண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.காமுக்குப் புள்ளியியல் எடுப்பவர் அவர். போன வாரம்தான் ஆளுக்கொரு பாடத்திட்டம் கொடுத்திருந்தார். பதினாறு பக்கம். 'நல்ல பாடத்திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும்' என்று மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த தெம்பில், கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதியது. கற்றல் நோக்கங்கள் பன்னிரண்டு. விதிமுறைகள் இருபத்தேழு. ஒவ்வொரு விதிக்கும் உட்பிரிவு வேறு.

மனைவி அழகியநாயகி நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இது பாடத்துக்கா, ஜாமீனுக்கா?" என்று கேட்டாள். புள்ளியியல் தெரியாதவளிடம் காட்டியது தன் தப்பு என்று விட்டுவிட்டார்.

இன்றைக்கு ஏழாம் பக்கத்தை எடுங்கள் என்றால் பாதிப் பேரிடம் பாடத்திட்டமே இல்லை. ஜன்னலோரம் ஜெபிஷ் அதன் மேல் நனைந்த குடையை வைத்திருந்தான். இந்தப் பெண்களோ வேறு எதையோ வாசிக்கிறார்கள்.

அஞ்சு தாளைக் கொண்டுவந்து தந்தாள். கையெழுத்துப் பிரதியின் ஜெராக்ஸ். மேலே தலைப்பு: 'தாணப்பன் சார் வகுப்பு: தெரிஞ்சிருக்க வேண்டியது.'

கிண்டல்தான். மேற்கொண்டு வாசிக்காமலே முடிவு கட்டிவிட்டார்.

"மணி அடிச்சதும் ஸ்டாஃப் ரூமுக்கு வா. அங்க வச்சு நீயே சத்தமா வாசி."

நாலு ஆசிரியர்கள் கேட்டால்தான் புத்தி வரும் என்பது அவர் நினைப்பு. ஆனால் ஸ்டாஃப் ரூமில் அப்போது இருந்தது விக்டோரியா மேடம் மட்டும்தான். ஒருவராவது இருக்கிறாரே என்று தாளை அஞ்சுவிடம் நீட்டினார்.

"வேண்டாம் சார்."

"வாசி."

அஞ்சு வாசித்தாள். "'கால்குலேட்டர் இல்லேன்னு வகுப்புக்கு வராம இருக்காத. சார் டிராயர்ல நாலு வச்சிருக்காவ. கேட்டா தருவாவ.'"

விக்டோரியா மேடம் நோட்டுத் திருத்துவதை நிறுத்தினார்.

விதி ஒன்பது, 'கால்குலேட்டர் இன்றி வருவோர் வெளியேற்றப்படுவர்' என்பது. தாணப்பன் சாரே அதற்கு அடிக்கோடு போட்டிருந்தார்.

"மேல படி" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"'அசைன்மென்ட் ஒரு நாள் பிந்தினா ஜீரோன்னு போட்டிருப்பாவ. பயப்படாத. காரணம் சொன்னா வாங்கிக்கிடுவாவ. முகத்தை மட்டும் திருப்பிக்கிடுவாவ.'"

"அது நிஜம்தானே சாரே" என்றார் விக்டோரியா மேடம்.

"'முதல் யூனிட்ல சார் சொந்தக் கதை சொல்லியே மூணு வாரம் ஓட்டுவாவ. மூணாவது யூனிட்டை ஒரே ஓட்டமா ஓடிருவாவ. பரீட்சைக்கு அதுலதான் கேப்பாவ. அங்க நிறுத்தச் சொல்லு. கண்ணாடியைக் கழத்தித் துடைச்சா கோவம்னு நினைக்காத. யோசிச்சிட்டிருக்காவ.'"

தாணப்பன் சார் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டார்.

"'சந்தேகம் கேக்க ஸ்டாஃப் ரூமுக்குப் போகாத. பிஸின்னுருவாவ. மூணாவது பீரியட் முடிஞ்சு கேண்டீன்ல பழம்பொரி திம்பாவ. அப்பக் கேளு. எத்தனை தடவை கேட்டாலும் சொல்லித் தருவாவ.'"

விக்டோரியா மேடம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவருக்குத் தாகம் எடுத்த மாதிரித் தெரியவில்லை.

தாணப்பன் சார் தன்னுடைய பதினாறு பக்கத்தைப் புரட்டினார். இதெல்லாம் அதில் எங்கேயாவது இருக்க வேண்டுமே. பதினோராம் பக்கத்தில் ஒரு வரி அகப்பட்டது. 'மாணவர்கள் உரிய முன் அனுமதியுடன் ஆசிரியரை அணுகலாம்.' எங்கே, எப்போது என்று இல்லை. யாரிடம் அனுமதி வாங்குவது என்றும் இல்லை. எழுதியவருக்கே இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

கோபம் போய்க் கூச்சம் வந்தது. கூடவே, சொல்லப்போனால், கொஞ்சம் பெருமையும். தன்னை இத்தனை நுணுக்கமாகக் கவனித்த ஒரு பிள்ளை இருந்திருக்கிறதே. நல்ல ஆசிரியருக்கு நல்ல மாணவி வாய்க்கத்தான் செய்வாள் என்று நினைத்துக்கொண்டார்.

"யாரு எழுதினது? போன வருஷம் முதல் மார்க் வாங்கின லட்சுமிப்ரியாதானே?"

"இல்ல சார். சஜிதாக்கா."

அவருக்கு ஆளை நினைவுபடுத்திக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. கடைசி பெஞ்ச். வருஷம் முழுக்க வாயே திறக்காத பெண். அவளுடைய மாதிரித் தேர்வுத் தாளில் சிவப்பு மையால் 'அக்கறை இல்லை' என்று எழுதிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

"அவளா? அவ என் பேப்பர்ல ஃபெயிலாச்சே."

"ஆமா சார். ஃபெயிலான பிறகுதான் கூடப் படிச்ச அக்காமாருட்ட ஒண்ணொண்ணா கேட்டு எழுதினாவளாம். போன வாரம் எங்க எல்லாருக்கும் அவங்களே கொண்டுவந்து தந்தாவ."

"தரும்போது என்ன சொன்னா?"

அஞ்சு தாளை மடித்தபடி தயங்கினாள்.

"'சார்ட்ட கேக்கலாம்னே எனக்கு ஒரு வருஷமா தெரியாமப் போச்சு. நீங்களாவது முதல் வாரமே தெரிஞ்சுக்கிடுங்க'ன்னு சொன்னாவ சார்."