பின்னோக்கி எழுபது மீட்டர்

வளைவில் இரண்டு லாரிகளும் மூக்கோடு மூக்காக வந்து நின்றன.

எதிர் லாரியின் வைப்பர் ஒருமுறை போய்வந்ததும், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது ஹசிந்தா என்று செவேரோவுக்குத் தெரிந்துவிட்டது.

பிரிந்துபோன மனைவியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

யுங்காஸ் மலைப்பாதையில் அந்த இடத்தில் ஒரு லாரிக்குத்தான் அகலம். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் மேகம். அதற்கும் கீழே ஆறு ஓடுவது சத்தத்தில் மட்டும்தான் தெரியும்.

யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும்.

செவேரோ ஆரஞ்சுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் லா பாஸுக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தான். அவள் அங்கே சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தங்கை ஃபெலிசா.

செவேரோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"நான் பின்னாடி போறேன்."

ஹசிந்தா இறங்கினாள். மழைக்கு ஒரு பாலித்தீன் ஷீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்தாள். அவனுக்குப் பக்கத்து இருக்கையை எட்டிப் பார்த்தாள். அதில் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன.

"பின்னாடி நின்னு பாக்க ஆள் இல்லையா?"

"யாரும் நிலைக்க மாட்டேங்கிறாங்க."

அவள் போன பிறகு இரண்டு பேரை உதவிக்கு வைத்துப் பார்த்தான். அவர்கள் 'வா' என்றால் இவன் பிரேக்கை மிதிப்பான். தானே இறங்கிப் போய் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தால்தான் வண்டி அடுத்த அடி நகரும். ஒருவன் ஒரு மாதத்தில் நின்றுகொண்டான். மற்றவன் ஒருநாள் பாதி வழியிலேயே இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

விடிவதற்குள் சந்தைக்குப் போகாத ஆரஞ்சை யார் வாங்குவார்கள்? தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பாதிப் பேர் இப்போது ஹசிந்தாவின் லாரியில்தான் ஏற்றுகிறார்கள்.

ஒன்பது வருடம் அவள்தான் அவன் வண்டிக்குப் பின்னால் நின்றாள். அவள் குரலைக் கேட்டே வண்டியை எடுப்பான். கண்ணாடியைக்கூடப் பார்த்ததில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து சுலுமானி என்ற ஊரில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டாள். திரும்பி வந்ததும், தோழி வீட்டில் தங்கியிருந்ததாகச் சொன்னாள். செவேரோ தலையாட்டினான். மறுநாள் ஒருவருக்கும் சொல்லாமல் அந்தத் தோழி வீட்டுக்குப் போய் விசாரித்தான்.

அவள் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அவன் விசாரித்துவிட்டுப் போனது ஒரு வாரத்தில் அவள் காதுக்கு எட்டிவிட்டது.

ஹசிந்தா சண்டை போடவில்லை. துணிகளை மூட்டை கட்டினாள்.

"இனிமே வண்டிக்குப் பின்னாடியும் யாரையாவது விசாரிச்சுக்க."

அன்றைக்குப் போனவள்தான்.

இப்போது அவள் அவன் லாரியின் பின்பக்கம் நடந்தாள்.

"வரட்டும்."

செவேரோ பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

பள்ளம் வலது பக்கம். அவன் உட்கார்ந்திருப்பதோ இடது பக்கம். வலது கண்ணாடியில் மழை வழிந்ததில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவன் பார்த்திருக்க மாட்டான்.

"வரட்டும்... வரட்டும்... லேசா ஒடி. இன்னும் ஒடி. இப்ப நேரா விடு."

குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். இல்லை. பிரியமும் இல்லை. வேலை மட்டும்தான் இருந்தது. அதுவே போதும் போலிருந்தது அவனுக்கு.

எழுபது மீட்டர் தள்ளி, பாதை பள்ளத்துப் பக்கமாகக் கொஞ்சம் அகன்று கிடந்தது. அங்கே ஒதுங்கும்போது பின்சக்கரத்துக்குக் கீழே மண் சரிந்தது. வண்டி ஒருபக்கமாக இறங்கியது. பெட்டிகள் ஒன்றோடொன்று மோதின.

அவன் கால் தானாகவே பிரேக்குக்கு மேலே போய் நின்றது.

"நிறுத்தாத. வா."

மிதிக்கவில்லை. வந்தான்.

சக்கரம் கெட்டித் தரையில் ஏறியது. லாரியின் உடம்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. போதும் என்று அர்த்தம். தன் முதுகிலேயே தட்டியது போலிருந்தது அவனுக்கு.

அவள் ஜன்னலுக்குக் கீழே வந்தாள்.

"விளிம்புக்கு ரெண்டு சாண்தான் இருக்கு. நாங்க தாண்டுற வரைக்கும் அசைக்காத."

மூன்று வருடமாக அவளிடம் சொல்ல நினைத்தது எவ்வளவோ இருந்தது.

"தலை நனையுது பாரு" என்றான்.

அவள் ஷீட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

அவள் லாரி மெல்ல இறங்கி வந்தது. பாறைக்கும் அவன் லாரிக்கும் நடுவே உரசாமல் நுழைந்தது. இரண்டு ஓட்டுநர் ஜன்னல்களும் ஒன்றை ஒன்று தாண்டின. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து ஃபெலிசாவின் குரல் கேட்டது.

"ஏறி வர்ற வண்டிக்குத்தானேக்கா வழி விடணும்? பின்னால போக வேண்டியது நாமதானே? அத்தானுக்கு அதுகூடவா தெரியாது?"

ஹசிந்தா என்ன பதில் சொன்னாள் என்பது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

காலி வண்டி, இறக்கம் வேறு. ஆனாலும் அடுத்த வளைவைத் தாண்டி மறைய அதற்கு வெகுநேரம் பிடித்தது.