பக்கத்துக் கட்டில்

"ஊசி போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட எடுத்துச் சொன்னாங்களா?"

நீலிமா கெல்கர் போனில் கேட்டாள்.

மறுமுனையில் நாசிக்குக்கு வெளியே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஞானோபா. கொரோனாவிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்.

நீலிமா மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுச் செயலாளர். எந்தப் புது மருந்தையும் நோயாளிக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு அந்தக் குழு சம்மதிக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கிற அனுமதியை இந்த முறை ஒரே வாரத்தில் வாங்கிக் கொடுத்திருந்தாள். கேட்டவன் டாக்டர் நிஷிகாந்த். கூடவே படித்தவன். ஒவ்வொருவரிடமும் பேசி, சம்மதம் வாங்கிய பிறகுதான் ஊசி என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

ஞானோபா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"எங்க சொன்னாங்க, மேடம்? வேணாம்னுதான் சொன்னேன். நான் என்ன எலியான்னு கூடக் கேட்டேன். நிஷிகாந்த் டாக்டர் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். 'அனுமதி குடுக்குற மேடத்தோட அப்பாவுக்கே இதைத்தான் போடுறோம், உனக்கென்னய்யா?'ன்னார். அப்புறம் என்ன பேசுறது? கையை நீட்டிட்டேன்."

நீலிமா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவருக்குத் தூக்கத்துலயே போட்டுட்டாங்க. வலிகூடத் தெரிஞ்சிருக்காது. இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்கார்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கோதாவரியில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்தபோது, படித்துறையில் அவள் தோளைத் தாங்கி நின்றவன் நிஷிகாந்த். "எல்லாருக்கும் குடுக்குற அதே மருந்துதான் நீலு. ஒரு குறையும் வைக்கல" என்று அவளோடு சேர்ந்து அழுதவன்.

ஞானோபாவிடம் பேசிய அன்று மதியமே ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லி உத்தரவு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் அவனே வந்து நின்றான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிவந்திருந்தன.

"உங்கப்பாவைக் காப்பாத்தத்தான் பாத்தேன். அது தப்பா?"

"அவர்கிட்ட கேட்டியா?"

வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்து நின்றது.

"கேட்டியா, நிஷி?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

அவன் தலை நிமிராமலே சொன்னான்.

"எம்பொண்ணைக் கேட்டுட்டுப் போடுன்னார்."