ஐம்பதிலும் வளையும்

"யார் மேலயாவது கை ஓங்கியிருக்கீங்களா?"

மனநல மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுக் கேட்டார். குழந்தைகள் காப்பகத்தின் அலுவலக அறை அது. எதிரே லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மனைவியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை அழைத்துப் போய் வளர்க்க மனுக் கொடுத்திருந்தார்கள். இந்த மருத்துவர் அம்மாள் கையெழுத்துப் போட்டால்தான் அது நடக்கும்.

அவன் மனைவியைப் பார்த்தான். இல்லை என்று சொல்லிவிடலாம். மனைவிகூட அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"ஓங்கியிருக்கேன் டாக்டர். இவ மேலதான். கல்யாணமான புதுசுல."

பக்கத்தில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

"அடிச்சீங்களா?"

"இல்ல. ஓங்கின கையைப் பார்த்தேன். அது என் கை மாதிரியே இல்ல, எங்க அப்பாவோடது மாதிரி இருந்துச்சு. வெளியே போய்ப் படி ஏறினேன். பதினோரு மாடி."

"லிஃப்ட் மெக்கானிக், படியிலயா?"

"ஏறி இறங்கி வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டார்," என்று மனைவி குறுக்கிட்டாள். "ஏழு வருஷமாச்சு டாக்டர். இன்னிக்கும் கோபம் வந்தா மாடிதான். தொப்பை விழாம இருக்கறதே அதனாலதான்."

மருத்துவர் சிரிக்கவில்லை. காகிதத்தைப் புரட்டினார்.

"உங்க அப்பாவைப் பத்தி இதுல ரெண்டே வரிதான் எழுதியிருக்கீங்க."

"குடிப்பார். பெல்ட்டைக் கழட்டுவார். எனக்குப் பதிமூணு வயசானப்ப அம்மா என்னை இழுத்துக்கிட்டு வெளியே வந்துட்டாங்க. அதுக்கப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்ல. போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. அதான் உங்களுக்கே தெரியுமே."

மருத்துவர் தலையசைத்தார். "இந்தப் பொண்ணைப் பத்தியும் தெரிஞ்சுக்குங்க. இங்க அவளுக்குப் பேரே பட்டாசு. அடிப்பா, கடிப்பா. ரெண்டு குடும்பம் கூட்டிட்டுப் போய், ஒரே மாசத்துல திருப்பிக் கொண்டு வந்து விட்டுட்டாங்க. அவ ரத்தமும் சூடு, உங்க ரத்தமும் சூடு. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா என்ன ஆகும்?"

"அந்தப் பயத்துலதான் டாக்டர், நூலகத்துல தேடி ஒரு புத்தகம் எடுத்தேன். மனுஷன் குணம் எப்படி உருவாகுதுன்னு."

"அப்படியா! என்ன போட்டிருந்துச்சு?"

"முதல் அத்தியாயத்துல, அஞ்சு வயசுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு ஒருத்தர் சொல்றார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு நாமளும் அதைத்தானே சொல்றோம். ரெண்டாவது அத்தியாயத்துல ஒருத்தர், குழந்தை எதைப் பார்க்குதோ அதைத்தான் செய்யும்கிறார். மூணாவது ஆள், பாதிக் குணம் பிறக்கும்போதே கூட வருதுங்கிறார். எந்தப் பக்கம் போனாலும் இடிக்குது. புத்தகத்தை மூடிட்டேன்."

"மூடிட்டு ரெண்டு நாள் சாப்பிடலை," என்றாள் மனைவி. "அப்புறம் நான் எடுத்து மிச்சத்தைப் படிச்சேன். நாலாவது ஆளு நல்லவர் டாக்டர். கிழவனாகுற வரைக்கும் மனுஷன் வளர்ந்துக்கிட்டேதான் இருக்கான், சின்ன வயசுல கிடைக்காத நம்பிக்கையைப் பிற்பாடு கொடுத்தாலும் ஒட்டிக்கும்னு எழுதியிருக்கார். கெட்டதைப் பார்த்துக் கத்துக்கிட்ட மாதிரியே நல்லதையும் பார்த்துக் கத்துக்கலாமாம். இவர் பாதியிலேயே மூடிட்டு எனக்குக் கதை சொல்றார்."

மருத்துவருக்கு இப்போது சிரிப்பு வந்தது.

"இருபது வருஷமா இதைத்தான் நான் பாடமா எடுக்கிறேன். உங்க அளவுக்குச் சுருக்கமாச் சொல்ல வரலை," என்றார். பிறகு அவனைப் பார்த்தார். "அடி வாங்கி வளர்ந்தவங்க வந்து, எனக்குக் கோபமே வராதுன்னு சத்தியம் பண்ணுவாங்க. அவங்களைக் கண்டாத்தான் எனக்குப் பயம். நீங்க கோபம் வரும்னு சொல்றீங்க. வந்தா எந்தப் படியில ஏறணும்னும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவனுக்கு அது புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். மனைவி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"முடிவாகாம அவகிட்ட எதையும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் தடுத்து வச்சிருந்தேன். இனிமே நீங்களே சொல்லிக்கலாம்," என்று மருத்துவர் மணியை அழுத்தினார்.

ஆயாவின் கையைப் பிடித்தபடி பட்டாசு உள்ளே வந்தாள். மெலிந்த உடம்பு, முறைக்கும் கண்கள். அவனை மேலிருந்து கீழ்வரை அளந்துவிட்டு மருத்துவர் பக்கம் திரும்பினாள்.

"போன ரெண்டு வீட்லயும் அப்பான்னு கூப்பிடச் சொன்னாங்க. இவரையும் அப்படிக் கூப்பிடணுமா?"

குரலில் வீம்பு இருந்தது. உதடு மட்டும் நடுங்கியது.

அவன் நாற்காலியை விட்டு இறங்கி, அவள் உயரத்துக்குத் தரையில் மண்டியிட்டான்.

"வேண்டவே வேண்டாம்டா. நம்ம ரெண்டு பேருக்கும் இருந்த அந்த ஒரு அப்பாவே போதும்," என்றான். "நான் உன் அண்ணன்."